தையில் கனியும் ஆப்பிள்

1805-ஆம் ஆண்டுவாக்கில், நியூயார்க்கின் லாங் தீவில் நியூடவுன் என்ற ஊரில் ஓர் ஆப்பிள் மரம் பட்டுப்போயிற்று. கெர்ஷம் மூர் என்பவரின் நிலத்தில், சதுப்பை ஒட்டிய இடத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானாக முளைத்த மரம் அது. முதுமை அதன் சாவுக்கு ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் பழைய பழவியல் நூல்கள் சொல்கின்றன. ஒட்டுக்கட்டுவதற்காக அதன் இளங்குச்சிகளை ஆண்டுக்காண்டு அளவின்றி வெட்டிச் சென்றதில் மரம் நலிந்துபோனது. அதை அழிக்க வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் தங்கள் தோட்டத்தில் ஒன்று வேண்டியிருந்தது.

அந்த மரத்தின் பழத்துக்கு நியூடவுன் பிப்பின் என்று பெயர். வர்ஜினியாவில் அல்பமார்ல் பிப்பின் என்பார்கள். மேலைக் கடற்கரையில், மஞ்சளாகக் கனியும் வடிவத்துக்கு மஞ்சள் நியூடவுன் என்று பெயர். அடுப்பில் வேகவைக்காமல் அப்படியே கடித்துத் தின்பதற்கான ஆப்பிள்களில், அமெரிக்க மண்ணில் தோன்றி முதன்முதலில் கடல்கடந்து பெயர் வாங்கியது இதுதான். பச்சைத் தோல், சற்றே தட்டையான கோணல் உருவம், காம்பைச் சுற்றிப் பழுப்பு நிறச் சொரசொரப்பு. கடைத்தட்டில் வைத்தால் கண்ணை இழுக்காது. ஒரு மரத்தை வெட்டி வெட்டியே சாகடிக்கும் அளவுக்கு மக்கள் இதில் என்ன கண்டார்கள் என்று தேடினால், பனிக்காலத்தின் நடுவில் தின்னப் பழம் கிடைப்பது என்பது அக்காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதில்தான் விடை கிடைக்கிறது.

ஆப்பிள் மரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்வதில்லை. வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும். ஆகவே விதையிலிருந்து முளைப்பது எப்போதும் ஒரு கலப்பு. தாய்ப்பழத்தின் சுவை அதில் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, பெரும்பாலும் புளித்த சிறுகாய்தான் மிஞ்சும். ஒரு ரகத்தை அப்படியே தொடர வேண்டுமானால் அதன் குச்சியை வெட்டி வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவதே வழி. இன்று உலகில் எங்கெல்லாம் நியூடவுன் பிப்பின் நிற்கிறதோ அங்கெல்லாம் மூரின் நிலத்தில் முளைத்த அந்த ஒரே மரத்தின் திசுதான், கைமாறிக் கைமாறி, உயிரோடு இருக்கிறது. பச்சை, மஞ்சள் என்ற இரண்டு வடிவங்களும் விதைவழி வந்தவை அல்ல, கிளையில் நேர்ந்த சிறு மாற்றத்தால் பிரிந்தவை என்பதே பழவியலாளர் பலரின் கருத்து.

நியூடவுன் என்ற ஊர்ப்பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் எல்ம்ஹர்ஸ்ட் என்று மாறிவிட்டது. இன்று அது குவீன்ஸ் பகுதியில், நெருக்கமான குடியிருப்புகளும் பல நாட்டுக் கடைகளும் கொண்ட இடம். நியூயார்க் போய்வந்த தமிழர்கள் அறிந்த ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அதே ஃபிளஷிங்கில் 1737-இல் தொடங்கிய பிரின்ஸ் குடும்பத்தின் நாற்றுப்பண்ணை, அந்தக் காலத்து அமெரிக்காவின் மிகப் பெயர்பெற்ற பழச்செடி வணிகம். மூல மரத்துக்குப் பக்கத்திலேயே அப்படியொரு பண்ணை அமைந்தது இந்த ரகத்தின் நல்லூழ். குச்சிகள் பரவியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

பழத்துக்கு வருவோம். ஐப்பசி பிறக்கும் சமயத்தில் மரத்திலிருந்து பறித்த நியூடவுன் பிப்பினைக் கடித்தால் ஏமாற்றம்தான். கல்போல இருக்கும், பல் கூசப் புளிக்கும், வாயில் மாவு ஒட்டும். நம் ஊரில் முற்றிய மாங்காயை வைக்கோலில் புதைத்துப் பழுக்கவைப்பதைப் போல இதையும் பறித்து வைத்துத்தான் தின்ன வேண்டும். ஆனால் மாம்பழத்துக்குச் சில நாட்கள் போதும், இதற்கு மூன்று மாதம் ஆகும். பறித்த பிறகும் பழம் மூச்சுவிடுகிறது. சேர்த்து வைத்த மாவுச்சத்து முதல் சில வாரங்களில் சர்க்கரையாக மாறும். மூச்சுக்கு எரிபொருளாக மாலிக் அமிலம் மெல்லச் செலவாகும், அதனால் புளிப்பு தணியும். செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் சிறிது சிறிதாகக் கரைவதால் கடினம் குறையும். கடைசியாக மணம் கூடும். எல்லா ஆப்பிள்களிலும் இவை நடக்கும் என்றாலும், கோடைக்கால ஆப்பிளில் சில நாட்களில் முடிந்து பழம் மாவாகிவிடும். நியூடவுன் பிப்பின் போன்ற கடைப்பருவ ரகங்களில், பழத்தைக் கனியவைக்கும் எத்திலீன் வாயு மெதுவாகவே சுரக்கிறது, ஆகவே இந்த மாற்றங்களும் நிதானமாக நடக்கின்றன. தொடக்கத்திலேயே புளிப்பும் கடினமும் மிகுதியாக இருந்ததால்தான் மார்கழி கடந்து தை, மாசியிலும் செலவழிக்க மீதி இருக்கிறது. தோலின் மெழுகும் உதவுகிறது. பழுப்புச் சொரசொரப்பு முழுதும் மூடிய ஆப்பிள்கள் வைப்பில் நீரிழந்து சுருங்கிவிடும். இதுவோ பெரும்பகுதி வழவழப்பான தோல் என்பதால் பொலிவு குன்றாமல் இருக்கும்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத உலகை மனத்தில் கொண்டால் இதன் மதிப்பு விளங்கும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாசி, பங்குனி என்பது பச்சையாகத் தின்ன எதுவுமே இல்லாத காலம். உப்பிட்டதும் உலர்த்தியதும் போக, நிலவறைப் பீப்பாய்களில் இருந்த ஆப்பிள்தான் கதி. அந்த மாதங்களில் உச்சச் சுவைக்கு வரும் ஒரு பழம் என்றால் மக்கள் அதைத் தேடிப் போனதில் வியப்பில்லை. 1757-இல் லண்டன் போய்ச் சேர்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அடுத்த ஆண்டே பிலடெல்ஃபியாவிலிருந்த மனைவி டெபோராவுக்கு எழுதிய கடிதத்தில், ஆப்பிள் அனுப்ப மறந்துவிட்டாயே என்று குறைப்பட்டு, நியூடவுன் பிப்பினாக இருந்திருந்தால் எல்லாவற்றிலும் மேல் என்று சேர்த்துக்கொள்கிறார். அப்போதே அட்லாண்டிக்கைக் கடந்து கெடாமல் வரும் பழம் அது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. கால் நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பிறகு பாரிஸில் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஐரோப்பாவின் ஆப்பிள்களில் இதற்கு ஈடில்லை என்று எழுதினார். தன் மான்டிசெல்லோ தோட்டத்தில் இதையே அவர் மீண்டும் மீண்டும் நட்டார்.

கடைப்பருவ ஆப்பிளின் இந்தத் தாங்கும் திறனுக்கு நம் கடற்கரையோடும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மெரினாவில் நாம் ஐஸ் ஹவுஸ் என்று சொல்லும் கட்டடம், பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்டது. அவருடைய இந்திய வணிகத்தின் முதல் கப்பலான டஸ்கனி, 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து புறப்பட்டுச் செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்தது. பனிக்கட்டியோடு அதில் பால்ட்வின் ஆப்பிள்களும் வந்தன. பால்ட்வின் மாசச்சூசெட்ஸின் கடைப்பருவ ரகம். மே மாதம் ஏற்றிய பழம் முந்தைய ஐப்பசியில் பறித்ததாகத்தான் இருக்க முடியும். கரையில் ஏழு மாதமும் கடலில் நான்கு மாதமும் தாங்கியிருக்கிறது. பனிக்கட்டியின் குளிர் துணைசெய்தது உண்மை. ஆனால் சீக்கிரம் கனியும் ரகமாக இருந்தால் எந்தக் குளிரும் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது.

மெதுவாகக் கனியும் பழத்துக்கு நீண்ட வேனிலும் வேண்டும், இதை வளர்ப்பதில் உள்ள முதல் சிக்கல் அதுதான். பூத்ததிலிருந்து முற்றுவதற்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிறது. இங்கிலாந்துக்கு ஃபிராங்க்ளின் காலத்திலேயே ஒட்டுக்குச்சிகள் போய்விட்டன, ஆனால் அங்கே பழம் தேறவில்லை. வெயில் படும் தெற்குச் சுவரில் ஏற்றி வளர்த்தால்கூட அமெரிக்காவிலிருந்து பீப்பாயில் வரும் பழத்தின் சுவை வாய்க்கவில்லை. நியூ இங்கிலாந்தின் வடபகுதியிலும் இதே கதை. ஹட்சன் பள்ளத்தாக்கும் லாங் தீவும்தான் வடக்கே இதற்கு எல்லை என்று சொல்லலாம்.

தெற்கே இது தன் இடத்தைக் கண்டுகொண்டது. 1755-இல் பிரிட்டிஷ் தளபதி பிராடக்கின் படையெடுப்பில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய மருத்துவர் தாமஸ் வாக்கர், பென்சில்வேனியாவிலிருந்து குச்சிகளைக் குதிரைப் பையில் கொண்டுவந்து, அல்பமார்ல் மாவட்டத்தில் தன் காசில் ஹில் தோட்டத்தில் ஒட்டுக்கட்டினார் என்பது வர்ஜினியாவில் வழிவழியாக வரும் செய்தி. புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில், மடிப்புகளுக்குள் ஒதுங்கிய சரிவுகளில், ஆழமான கருமண் உண்டு. அங்குள்ள உழவர்கள் அதைப் பிப்பின் மண் என்றே அழைத்தார்கள். அந்த மண்ணில் விளைந்த பழம் அவ்வளவு தனித்திருந்ததால் அதை வேறு ரகம் என்றே நீண்ட காலம் நம்பினார்கள். 1838 வாக்கில் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆண்ட்ரூ ஸ்டீவன்சனும் அவர் மனைவி சாலியும் இந்தப் பழத்தை விக்டோரியா அரசிக்குக் கொடுத்தார்கள். அரசி மகிழ்ந்து, இந்த ஆப்பிளுக்கு மட்டும் இறக்குமதி வரியை நீக்கச் செய்தார் என்று சொல்வார்கள். வரிக்கதை எந்த அளவு மெய்யானாலும், வர்ஜினியாவின் மலைக்குடும்பங்கள் பல இந்த ஏற்றுமதியால் நிமிர்ந்தன என்பது மெய். சந்தையில் உயர்ந்த விலை கொண்ட ஆப்பிளாக இது பல பத்தாண்டுகள் இருந்தது.

வளர்ப்பவருக்கு இது எளிதான மரம் அல்ல. பட்டை சொரசொரப்பாகவும் வளர்ச்சி மந்தமாகவும் இருக்கும். விதையில் முளைத்த வேர்ச்செடியில் ஒட்டினால் நல்ல காய்ப்புக்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று பழைய தோட்டக்காரர்கள் கணக்கிட்டார்கள். இன்று அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் 1913-இல் தொடங்கிய கிழக்கு மாலிங் ஆய்வு நிலையம், குட்டை வேர்ச்செடிகளைப் பிரித்து எண்ணிட்டுக் கொடுத்தது. எம் 9 வேர்ச்செடியில் ஒட்டினால் மூன்றாம் ஆண்டிலேயே காய் பார்க்கலாம், ஆனால் ஆயுள் முழுதும் அதற்கு முட்டுக்கம்பு வேண்டும், தண்ணீர் தவறக் கூடாது. நான் படித்த அளவில், இந்த ரகத்துக்கு எம்எம் 111 போன்ற சற்றே உயரமான வேர்ச்செடிதான் பொருத்தம். வறட்சி தாங்கும், தானே நிற்கும், கம்பளி அசுவினிக்கு எதிர்ப்பும் உண்டு. அந்த எதிர்ப்பு நார்தர்ன் ஸ்பை என்ற இன்னொரு நியூயார்க் கடைப்பருவ ஆப்பிளிடமிருந்து வந்தது.

ஒட்டுக்குச்சியை மரம் உறங்கும் பனிக்காலத்தில், முந்தைய ஆண்டின் வளர்ச்சியிலிருந்து பென்சில் பருமனில் வெட்டி, ஈரம் காக்கும்படி சுற்றிக் குளிரில் வைப்பார்கள். வசந்தத்தில் வேர்ச்செடியின் மொட்டு பருக்கும்போது இரண்டையும் ஒரே சாய்வில் சீவி, நாக்குப் போல ஒன்றுக்குள் ஒன்று செருகி, பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலங்கள் ஒரு பக்கமாவது தொடும்படி கட்டுவார்கள். கருவி என்று ஒரு கூர்கத்தி போதும். வாக்கர் 1755-இல் செய்ததும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

காய்க்கத் தொடங்கியபின் வரும் தொல்லை, ஓராண்டு கிளை முறியக் காய்த்து மறு ஆண்டு ஓய்ந்துவிடுவது. ஹட்சன் கரையில் ஈசோபஸ் என்ற இடத்தில், காய்ப்புக்கு வந்த 2,000 நியூடவுன் பிப்பின் மரங்கள் வைத்திருந்த ராபர்ட் பெல் இதோடு போராடியவர். காய்க்கும் ஆண்டுக்காகக் காத்திருப்பது கட்டுப்படியாகவில்லை என்று, அவர் ஆயிரக்கணக்கான மரங்களின் முரட்டுப் பட்டையைச் சுரண்டி, மென்சோப்பால் கழுவி, குறுக்கே ஓடிய கிளைகளைக் கவாத்துச் செய்து, அடிமரத்தில் கத்தியால் நெடுகக் கீறி, சிப்பிச் சுண்ணாம்பு இட்டார். இந்தச் சோதனைகளை ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் 1845-இல் வெளியிட்ட அமெரிக்கப் பழங்கள் பற்றிய நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஓர் உழவரின் பிடிவாதமும் கவனமும் அந்தப் பக்கங்களில் தெரிகின்றன. சோதனைகளில் எது வேலை செய்தது என்று பிரித்தறிய பெல்லுக்கு வழியில்லை. மரம் ஓராண்டு விட்டு ஓராண்டு காய்ப்பதன் காரணம் விதைக்குள் இருந்தது. வளரும் காயின் விதைகள் ஜிபெரெலின் என்ற ஊக்கியைச் சுரக்கின்றன. அது அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு உருவாவதைத் தடுக்கிறது. மொட்டின் தலைவிதி பூ உதிர்ந்த சில வாரங்களிலேயே முடிவாகிவிடுவதால், பிஞ்சு கலைப்பதை அதற்குள் செய்துவிட வேண்டும். ஒரு கொத்துக்கு ஒன்று, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒரு சாண் இடைவெளி. கை நிறையப் பிஞ்சைக் கிள்ளித் தரையில் போட மனம் வராதவரிடம் இந்த மரம் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் பேசும்.

நோய்களில் பெரியது சொறிநோய். வசந்த மழையில் இலை மணிக்கணக்கில் நனைந்தே இருந்தால் வெஞ்சூரியா பூஞ்சை இறங்கிவிடும். நியூடவுன் பிப்பினுக்கு அதைத் தடுக்கும் வலு மிகக் குறைவு. காற்றும் வெயிலும் உள்ளே புகும்படி திறந்த கவாத்தும், உதிர்ந்த இலைகளை அப்புறப்படுத்துவதும் பாதி மருந்து. மீதிக்குத் தெளிப்புதான் வழி. பழமரபு ரகங்கள் என்றாலே நோயைத் தாங்கும் என்று எழுதுகிறவர்கள் இந்த மரத்தை ஒரு மழைக்கால வசந்தத்தில் பார்க்க வேண்டும். பழத்தில் கால்சியம் குறைந்தால் தோலுக்கடியில் கசந்த பழுப்புப் புள்ளிகள் விழும். உரத்தைக் கொட்டிக் கிளையை ஓங்கி வளரவிட்டால் புள்ளியும் மிகும்.

அறுவடையிலும் பொறுமை வேண்டும். பழத்தைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலில் தொட்டால் மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். நடுவிலிருந்து வெளிநோக்கி நிறம் வெளுக்கத் தொடங்கியதும் பறிக்கலாம். அதற்கு முன் பறித்த காய் எத்தனை மாதம் வைத்தாலும் கனியாது, வாடத்தான் செய்யும்.

இவ்வளவு பெயர் பெற்ற பழம் எப்படி ஒதுங்கியது? சிவப்பான டெலிஷியஸ் ஆப்பிள் கண்ணைப் பறித்துவிட்டது என்பது வழக்கமான விடை. அதில் உண்மை உண்டு, ஆனால் அது போதாது. ஆஸ்திரேலியாவில் தோன்றிய கிரானி ஸ்மித் இதைவிடப் பச்சை, இதைவிடப் புளிப்பு, அது உலகையே வென்றதே. கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் இருவரும் 1920-களில் செய்த ஆய்வைத்தான் நான் முதன்மையாகச் சொல்வேன். கிடங்கின் காற்றில் ஆக்சிஜனைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டினால் பழத்தின் மூச்சு மந்தமாகும் என்று அவர்கள் காட்டினார்கள். 1940-ஐ ஒட்டி ஆய்வாளர் ராபர்ட் ஸ்மாக் அந்த முறையை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். அதன்பின் எந்த ஆப்பிளையும் பங்குனி வரை வைக்க முடிந்தது. நியூடவுன் பிப்பின் தன் உடலில் சுமந்திருந்த திறனைக் கிடங்கு எல்லாப் பழத்துக்கும் கொடுத்துவிட்டது. ஆனால் கிடங்கு செய்வது பழத்தை நிறுத்திவைப்பது. பிப்பின் நிலவறையில் மாறிக்கொண்டே இருந்தது. பறித்த நாளின் சுவையை ஆறு மாதம் காப்பதும், பறித்த நாளில் இல்லாத சுவை மூன்று மாதத்தில் வருவதும் ஒன்றல்ல. சந்தை முதலாவதை எடுத்துக்கொண்டது, அதை இழப்பு என்று யாரும் கணக்கில் எழுதவில்லை.

வேறு அடிகளும் விழுந்தன. ஆரெகனின் ஹூட் ரிவர் பள்ளத்தாக்கு மஞ்சள் நியூடவுனால் பெயர் பெற்றிருந்தது. 1919-இல் வந்த கடுங்குளிரில் மரங்கள் பெருமளவில் அழிந்தன, உழவர்கள் பேரிக்காய்க்கு மாறினார்கள். கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் பகுதியில் மட்டும் தோட்டங்கள் நீடித்தன. அங்கே 1868-இல் தொடங்கிய மார்ட்டினெல்லி நிறுவனம் இதன் சாற்றைப் பயன்படுத்தி வருவதால் மரங்களுக்கு வேலை இருக்கிறது. வர்ஜினியாவிலும் சைடர் தயாரிக்கிறவர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். மரம் தப்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பிழிவதற்குப் போகும் பழத்தை யாரும் தைக்காகக் காத்து வைப்பதில்லை.

இதன் வம்சத்தில் ஒன்று இன்று நன்றாக விற்கிறது. 1969-இல் கமீல் புயல் வர்ஜினியாவின் நெல்சன் மாவட்டத்தில் தோட்டங்களை அடித்துச் சென்றபின், சீரமைப்பின்போது ஒரு காட்டுக்கன்று கிடைத்தது. கோல்டன் டெலிஷியஸுக்கும் அல்பமார்ல் பிப்பினுக்கும் பிறந்த அதற்கு ஜிஞ்சர் கோல்டு என்று பெயரிட்டார்கள். பருவத்தில் மிக முன்னதாக, ஆகஸ்டிலேயே வந்துவிடும் ஆப்பிள் அது. கடைசியில் கனிவதற்காகவே போற்றப்பட்ட மரத்தின் கன்று முதலில் கனிவதற்காக நடப்படுகிறது.

நியூயார்க்கின் ஜெனீவாவிலும் கென்ட்டின் பிராக்டேலிலும் உள்ள தேசியத் தொகுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆப்பிள் ரகங்களோடு இதுவும் பாதுகாப்பாக நிற்கிறது. குச்சி அழியாது. அழியக்கூடியது, பழத்தை எப்போது பறிப்பது, எப்படி வைப்பது, எந்த மாதம் கடிப்பது என்ற அறிவு. விற்பவர் ஐப்பசியிலேயே பையில் போட்டுக் கொடுத்தால், வாங்கியவர் ஒரு கடி கடித்து, பழைய ரகம் என்பது வெறும் பெயர்தான் என்று முடிவுகட்டுவார். ஆகவே சில மரங்கள் வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டியது இது: அடிபடாத பழத்தை மட்டும் பிரித்தெடுங்கள். வாட்சன்வில் உழவர்கள் பட்டறிந்ததுபோல, பூஜ்ஜிய டிகிரிக் குளிரில் இதன் சதை உள்ளே பழுப்பேறும், எனவே 3 முதல் 4 டிகிரி செல்சியஸில், ஈரக்காற்றில் வையுங்கள். மற்ற ஆப்பிள்களோடு சேர்த்து வைத்தால் அவற்றின் எத்திலீன் இதைச் சீக்கிரம் தளர்த்திவிடும், தனியே வையுங்கள். வாரம் ஒருமுறை பார்த்து அழுகியதை எடுத்துவிடுங்கள். பச்சைத்தோல் எலுமிச்சை மஞ்சளாகத் திரும்பும்வரை யாருக்கும் விற்காதீர்கள். திரும்பியதும், வாங்க வருகிறவருக்கு முதலில் ஒரு துண்டு நறுக்கிக் கொடுங்கள்.